வில்லுப்பாட்டு பிடிக்கும் என்பதற்காக அதையே ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா?

கொட்டாரம் குடம்:

நாகர்கோவிலில் எம்.ஏ. தமிழ் முதலாண்டு முடித்திருக்கிறேன். அடுத்த ஆண்டு ஆய்வேடு உண்டு. கல்லூரி திறந்ததும் தலைப்பைக் கொடுத்துவிட வேண்டும். என் பெரியப்பா வில்லுப்பாட்டுப் புலவர். பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவர் குழுவில் தாளம் போட உட்கார்ந்துவிட்டேன், இப்போது குடம் அடிக்கிறேன். கோயில் திருவிழாவான கொடை நடக்கும் மாதங்களில் ஓர் ஊரில் முடித்து அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவதுதான் எங்கள் வேலை. இதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்றும் கிடையாது.

அதனால் 'குமரி மாவட்ட வில்லுப்பாட்டு: ஓர் ஆய்வு' என்று எழுதிக் கொண்டுபோய் நெறியாளரிடம் காட்டினேன். "இதில் நிறையப் பேர் செய்துவிட்டார்கள். அதோடு உனக்கு இது வீட்டு விஷயம், தள்ளி நின்று எழுத வராது. ஒரு நாவலை எடுத்துக்கொள், சீக்கிரம் முடியும்" என்றார். என்மேல் அக்கறை உள்ளவர், அந்த அக்கறையில்தான் சொன்னார். ஆனால் நாவலைப் பற்றி ஓர் ஆண்டு யோசிக்க எனக்கு மனசு வரவில்லை.

பிடித்த விஷயத்தை ஆய்வுக்கு எடுத்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எடுக்கலாமா? எடுத்தால் அந்தப் பிடித்தம் கடைசிவரை நிற்குமா?

நெய்யூர்க்காரன்:

தம்பி, நெறியாளர் சொல்வதைக் கேளுங்கள். எம்.ஏ. ஆய்வேடு என்பது மற்றத் தாள்களைப் போல ஒரு தாள். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படியுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். அப்புறம் பிஎச்.டி.யில் மனசுக்குப் பிடித்ததை நிதானமாகச் செய்யலாம். என்னோடு படித்தவர்களில் ஆசை ஆசையாய்ப் பெரிய தலைப்பை எடுத்தவர்கள்தான் கடைசி வாரத்தில் டைப்பிங் சென்டரில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். நாவலை எடுத்தவர்கள் நேரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அலைவாய்க்கரை:

நான் தூத்தூர்ப் பக்கம். சமூகவியல் படித்தேன். எங்கள் ஊர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர் போனவை. எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நானும் உங்களைப் போலத்தான் 'மீனவர் வாழ்வியல்' என்று எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் அம்மா மூன்று கேள்வி கேட்டார்கள்: எந்த மீனவர், எந்தக் கடல், எந்தக் காலம்?

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் எனக்கு நெடுநாளாக இருந்த ஒரு சந்தேகம் ஞாபகம் வந்தது. தாத்தா கட்டுமரத்தில் போன காலத்தில், கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேருக்கு நேர் பிடித்துப் பார்த்து, கடலுக்கு அடியில் பார் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மீன் கூடுகிற பாறைத்திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். அந்த அடையாளத்தைச் சொந்தத் தம்பிக்குக்கூட எளிதில் சொல்ல மாட்டாராம். இப்போது அண்ணன் ஜி.பி.எஸ்.ஸில் சேமித்து வைத்திருக்கிறான். அந்தக் கருவியைக் கையில் வாங்குகிறவன் எல்லாப் பாரையும் வாங்கிவிடுகிறான். அப்படியானால் ஒரு பாரின் இடம் யாருக்குச் சொல்லப்பட்டது, யாருக்கு மறைக்கப்பட்டது, கருவி வந்தபிறகு அந்த ரகசியம் என்ன ஆனது? இதையே தலைப்பாக்கினேன். மூன்று கேள்விக்கும் பதில் அதற்குள் இருந்தது.

பிடித்தம் நிற்குமா என்று கேட்டீர்கள். ஒக்கிப் புயலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய், உங்கள் அப்பா எந்தப் பாருக்குப் போவார் என்று கேட்பது லேசான காரியம் இல்லை. சில வீடுகளில் ஒரு கேள்வியும் கேட்காமல் சாயா குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கடல் மேல் பிரியம் இல்லாத ஒருத்தி அதோடு விட்டிருப்பாள். நான் மறுபடியும் போனேன்.

மட்டிப்பழம்:

குலசேகரத்துக்காரன், தாவரவியல். எங்கள் தோட்டத்தில் வாழையில் மட்டி, செந்துளுவன், ரசகதலி, ஏத்தன் எல்லாம் உண்டு. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். மட்டியின் பெருமையையே எழுதிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் பெருமையைச் சொல்ல ஆய்வு எதற்கு? இங்கே குழந்தைக்கு முதன்முதல் கொடுக்கிற பழம் மட்டி. அது ஏன், வேறு பழத்தில் இல்லாத எது அதில் இருக்கிறது என்று கேட்டால் அது ஆய்வு. பதில் 'ஒன்றும் இல்லை' என்றும் வரலாம். வந்தால் எழுத மனசு வருமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாளை வாசகன்:

'நிறையப் பேர் செய்துவிட்டார்கள்' என்று நெறியாளர் சொன்னது உண்மை. யார் யார் எதைச் செய்தார்கள் என்று பார்த்தால் எது மிச்சம் என்பது தெரியும்.

கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த வேலையில் நா. வானமாமலை முன்னோடி. குமரி மாவட்ட நாட்டார் கலைகளுக்கு அ.கா. பெருமாள் அளவுக்கு எழுதியவர் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் உங்கள் பக்கத்துக் கொடைகளில் உட்கார்ந்து கேட்டு, பாட்டு நிகழ்த்தப்படும்போது கதை என்ன ஆகிறது, சாமியாட்டத்துக்கும் கதைக்கும் என்ன தொடர்பு என்று விரிவாக ஆராய்ந்து 1988இல் நூலாக வெளியிட்டார். அதைப் படிக்காமல் நீங்கள் தலைப்பு வைக்க முடியாது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறைக்கு ஒருநாள் வாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிடைக்கிற ஷோத்கங்கா இணையதளத்தில் 'வில்லுப்பாட்டு' என்று தேடிக் கிடைக்கும் ஆய்வேடுகளின் பொருளடக்கத்தை மட்டுமாவது பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அதனால் தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடும்போது சென்னையை மட்டும் நினைக்காதீர்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் சுவடி நூலகத்திலும் தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. உங்களுக்கு அது பக்கம்.

கொட்டாரம் குடம்:

எல்லோருக்கும் நன்றி. பாளை அண்ணன் சொன்னதைப் படித்ததும் கொஞ்சம் மலைப்பாகிவிட்டது. எனக்குத் தோன்றியதை எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்கள் போல.

அலைவாய்க்கரை அக்கா தன் சந்தேகத்தைச் சொன்ன மாதிரி எனக்கும் ஒன்று உண்டு. அது ஆய்வுக்கு ஆகுமா தெரியாது. சுடலைமாடன் கோயில் கொடையில் சாமக்கொடைதான் உச்சம், நடுச்சாமத்தில் நடக்கும். முன்பெல்லாம் மாடன் கயிலாயத்தில் விளக்குச் சுடரில் பிறந்தது முதல் சுடுகாட்டில் பிணம் தின்றது, பூமிக்கு வந்தது, மலையாள நாட்டில் காளிப்புலையனோடு மோதியது வரை விடிய விடியப் பாடுவார்களாம். இப்போது பத்து மணிக்கு மேல் மைக் போடக் கூடாது என்று போலீஸ் வந்து நிற்கிறது. சில ஊரில் பன்னிரண்டு வரை அனுமதி வாங்குகிறார்கள். சில ஊரில் சாமக்கொடையையே ஒன்பதரைக்கு இழுத்துவிட்டார்கள். பெரியப்பா மேடையிலேயே கண்ணைக் காட்டுவார், நாங்கள் காளிப்புலையன் கதையை விட்டுவிட்டு நேரே சாமியை அழைக்கிற வரத்துப்பாட்டுக்குப் போய்விடுவோம். சாமி வந்துவிடும். ஆனால் முன்பு ஒரு மணி நேரத்தில் படிப்படியாக ஏறிய வேகத்தைக் கொஞ்ச நேரத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அது முழுக்கக் குடத்தின் வேலை. கை கடுக்கும். எதை விட்டால் சாமி வரும், எதை விட்டால் வராது என்று பெரியப்பாவுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் "உனக்கே தெரியும், அடி" என்பார். இதெல்லாம் புலம்பலாக இருக்கிறது, மன்னிக்கவும்.

தக்கலை டீச்சர்:

மக்களே, மன்னிப்பு எதற்கு? உன் ஆய்வேடு இந்தக் கடைசிப் பத்தியில் இருக்கிறது. முதல் பதிவில் நீ எழுதிக் கொண்டுபோன தலைப்பில் இது இல்லை.

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிடித்ததை எடுக்கலாமா என்று என்னிடம் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பிடித்த விஷயத்தை அப்படியே தலைப்பாக்கினால் அதில் பாராட்டுதான் எழுத முடியும். 'வில்லுப்பாட்டின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று முதல் இயல், 'இசைக்கருவிகள்' என்று இரண்டாம் இயல், கடைசியில் 'இக்கலையைக் காக்க வேண்டும்'. இப்படி எத்தனையோ ஏடுகளைத் திருத்தியிருக்கிறேன். எழுதிய பிள்ளைக்கு அந்தக் கலைமேல் உயிர், ஆனால் ஏட்டில் ஓர் இடத்திலும் அந்தப் பிள்ளையைக் காண முடியாது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியது.

பிடித்த விஷயத்துக்குள்ளேயே உனக்கு விடை தெரியாத இடம் ஒன்று இருக்கும். அங்கேதான் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு அந்த இடம் கண்ணில் படாது, ஏனென்றால் அவனுக்கு எல்லாமே தெரியாத இடம். பத்து மணிக் கட்டுப்பாட்டால் குடம் அடிக்கிறவனின் கை கடுக்கிறது என்பது குடம் அடிக்காதவனுக்குத் தெரிய வழியே இல்லை. உன் பிரியத்தால் ஆய்வுக்கு வருகிற லாபம் அதுதான்.

உன் சந்தேகத்தை ஒரே வாக்கியமாக, கேள்விக்குறியோடு எழுதிப் பார். 'ஒலிபெருக்கி நேரக் கட்டுப்பாட்டால் சாமக்கொடையில் பாடப்படும் சுடலைமாடன் கதையில் எந்தப் பகுதிகள் விடப்படுகின்றன, எவை விடப்படுவதே இல்லை?' இப்போது நான்கைந்து கொடைகளில் பதிவு செய்தால் பதில் சொல்லிவிடலாம். எப்போதும் விடப்படாத பகுதி எது என்று தெரிந்தால், அந்தக் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாடுகிறவர்கள் நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். பிளாக்பர்ன் கேட்ட காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒலிமாசு விதிகள் வந்ததே 2000இல். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2005இல் அதை உறுதிசெய்தது. ஆகவே முன், பின் என்று பிரித்துக் காட்ட உனக்கு ஒரு கோடு தானாகவே கிடைத்திருக்கிறது. 'நிறையப் பேர் செய்துவிட்டார்கள்' என்பதற்கு உன் நெறியாளரிடம் இதைச் சொல்.

நெய்யூர்க்காரன்:

டீச்சர் சொல்வது நன்றாக இருக்கிறது. ஆனால் இது தமிழ் எம்.ஏ. வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர், மைக் போடுவதும் போலீஸ் வருவதும் இலக்கியமா என்று கேட்டால் தம்பி என்ன சொல்வார்? நடுநிலைப் பிரச்சினையும் அப்படியே இருக்கிறது. சொந்தப் பெரியப்பாவின் பாட்டைப் பற்றி யார் குறை எழுதுவார்கள்?

தக்கலை டீச்சர்:

முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஒரு கதைப்பாடலின் இரண்டு வடிவங்களை வரிவரியாக ஒப்பிடுவது பழைய தமிழ் ஆய்வுமுறைதான். ஓலைச்சுவடியில் இருக்கிற பாடத்தையும் மேடையில் இன்று பாடுகிற பாடத்தையும் இவன் பக்கத்தில் வைக்கிறான். பாடவேறுபாட்டுக்குச் சுவடியில் எழுதுகிறவரின் கைப்பிழை காரணம் என்றால் ஏற்றுக்கொள்கிறோம். காவல்நிலைய அனுமதிக் கடிதம் காரணம் என்றால் ஏன் ஏற்கக் கூடாது?

இரண்டாவது நியாயமான கேள்வி. மக்களே, உன் பெரியப்பா குழுவை மட்டும் வைத்துச் செய்யாதே. உறவு இல்லாத இன்னொரு குழுவையும் எடு. நீ குடம் அடிக்கிற கொடையில் நீயே குறிப்பெடுக்கவும் முடியாது. அடிக்கிறவன் கவனம் முழுக்கச் சாமியாடியின் மேல் இருக்கும். அங்கே கூடப் படிக்கிற ஒரு பிள்ளையைப் பதிவு செய்யச் சொல், நீ அடி. மற்றக் குழுவின் கொடையில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார். நீ இந்தக் குழுவைச் சேர்ந்தவன் என்பதை முன்னுரையிலேயே எழுதிவிடு. மறைத்தால்தான் குறை.

தோவாளை மல்லி:

நானும் ஒன்று சொல்லட்டுமா? என் சித்தி வில்லுப்பாட்டு பாடியவர். வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மா 2018 நவம்பரில் மறைந்தபோதுதான் பெண் கலைஞர்களைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், அப்புறம் பேச்சே இல்லை. பெண்கள் வில்லடித்த குழுக்களில் குடும்பக் கோயில்காரர்கள் எந்தக் கதைகளைப் பாடச் சொன்னார்கள், எதை வேண்டாம் என்றார்கள் என்று யாராவது எழுத வேண்டும். அந்தக் காலத்தில் பாடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். தம்பி, உங்களுக்கு இது தோன்றவில்லையா?

கொட்டாரம் குடம்:

முக்கியமான விஷயம் அக்கா. ஆனால் அதை நான் செய்தால் வெளியாள் கேட்கிற கேள்விகளாகத்தான் இருக்கும். நீங்கள் உங்கள் சித்தியிடம் கேட்டால் வருகிற பேச்சு என்னிடம் வராது. நீங்களே எழுதலாமே.

தோவாளை மல்லி:

யோசிக்கிறேன். நான் வரலாறு முடித்தவள், என் எம்.ஏ. ஆய்வேடு மாணிக்கமாலையைப் பற்றியது. அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து வரிசை வரிசையாகக் கட்டுகிற மாலை. எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து நான் கட்டுவேன்.

பிடித்தம் நிற்குமா என்று நீங்கள் கேட்டதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் மாலை கட்ட உட்கார்ந்தாலே கை நிற்கும்: இந்த மடிப்புக்கு என்ன பேர் எழுதினேன், இந்த வரிசையை எந்த இயலில் போட்டேன் என்று. முன்பு போல ஒன்றும் நினைக்காமல் கட்ட முடியவில்லை. அப்பா திட்டினார். ஏட்டைக் கொடுத்து முடித்தபிறகு கை பழையபடி ஓடத் தொடங்கியது. ஆனால் பழைய நிலை முழுக்கத் திரும்பவில்லை; இப்போது வேறு யாராவது கட்டிய மாலையைப் பார்த்தால் எந்த வீட்டுக் கை என்று சொல்லிவிடுகிறேன். முன்பு சொல்லத் தெரியாது. இதைப் பிடித்தம் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கும் ஒரு கொடைக்காலம் குடம் சரியாகப் பேசாமல் போகலாம். பெரியப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அலைவாய்க்கரை:

மல்லி சொல்வது சரி. வேலை பார்க்கிற நேரத்தையும் பார்த்து எழுதுகிற நேரத்தையும் பிரித்து வையுங்கள். என் அண்ணன் வலை பின்னும்போது நான் கேள்வி கேட்க மாட்டேன், சும்மா உட்கார்ந்து பின்னுவேன்.

பாளை வாசகன்:

நாள்கணக்கு பாருங்கள் தம்பி. ஆய்வேடு பெரும்பாலும் பங்குனி, சித்திரையில் கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான கொடைகள் நீங்கள் ஏட்டைக் கொடுத்தபிறகுதான் வரும். ஆகவே வருகிற ஆடிதான் உங்களுக்குக் களம். கல்லூரி திறந்து தலைப்பு ஒப்புதலாகட்டும் என்று காத்திருந்தால் ஆடி போய்விடும். எவ்வளவு பிடித்த தலைப்பாக இருந்தாலும் களம் எந்த மாதத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எடுத்தால் கடைசியில் பழைய நூல்களைப் பார்த்து எழுதும்படி ஆகிவிடும்.

பழைய பதிவுக்கு என்ன செய்வீர்கள்? 2000க்கு முன்னால் பாடியது கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

கொட்டாரம் குடம்:

இருக்கிறது அண்ணே. கொடை நடத்துகிறவர்கள் அப்போது கேசட்டில் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பெரியப்பாவின் குருவுடைய குரல் உள்ள கேசட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. சிலவற்றின் மேல் ஊரும் ஆண்டும் எழுதியிருக்கிறது.

இன்று பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எதை விடுகிறோம் என்று எழுதப்போகிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "விட்டதை எழுதுகிறாயா? சரி, விட்டதை எல்லாம் நான் பாடித் தருகிறேன், பதிந்துகொள்" என்றார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காளிப்புலையன் கதையைத் தொடங்கி முழுக்கப் பாடினார். நான் அவர் குழுவில் இத்தனை காலம் இருந்தும் கேட்டிராத அடிகள் அதில் இருந்தன.

தலைப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'சாமக்கொடையில் சுடலைமாடன் கதைப்பாடல்: நேரக் கட்டுப்பாடும் பாட மாற்றமும் – அகத்தீசுவரம் வட்டம்'. இரண்டு குழுக்கள், நான்கு கோயில்கள். அதில் இரண்டு பன்னிரண்டு வரை அனுமதி வாங்குகிற கோயில், இரண்டு பத்துக்குள் முடிக்கிற கோயில். நெறியாளரை வீட்டில் போய்ப் பார்த்தேன். கேள்வியைப் படித்துவிட்டு, "இது உன் கேள்வி, செய்" என்றார். இன்னொரு நிபந்தனையும் போட்டார்: வேகம், தாளம் பற்றி எழுதுவதாக இருந்தால் இசை தெரிந்த ஒருவரிடம் காட்டித்தான் எழுத வேண்டும்.

தக்கலை டீச்சர்:

நல்ல நெறியாளர். சொன்னபடி செய். கோயில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கு. சாமியாடுகிறவரிடம் தனியாகக் கேள். கோயில் சரி என்றால் அவரும் சரி என்று அர்த்தம் இல்லை. அவர் ஆடுவதை வீடியோ எடுக்க வேண்டாம் என்றால் எடுக்காதே. உன் கேள்விக்குப் பாட்டின் ஒலிப்பதிவே போதும்.

நெய்யூர்க்காரன்:

தம்பி, நல்ல தலைப்பு. நெட் தேர்வையும் விட்டுவிடாதீர்கள். கேசட்டுக்கு டேப் ரெக்கார்டர் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அப்பாவுடைய டெக் நல்ல நிலையில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இணைக்கிற ஒயரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு நெய்யூருக்கு வாருங்கள், உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

கொட்டாரம் குடம்:

கட்டாயம் வருகிறேன் அண்ணே. சில கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பரவாயில்லையா?

நெய்யூர்க்காரன்:

அது பூஞ்சை. அவற்றை ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும், டெக்கின் ஹெட்டிலும் ஒட்டும். தனியாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். முதலில் நல்லவற்றை முடிப்போம், பூத்ததைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர் மார்த்தாண்டத்தில் இருக்கிறார், அவரிடம் கேட்டுவைக்கிறேன்.